எம்1 மேக்புக் ஏரின் 8 ஜிபி ரேமைக் கடையில் கொடுத்து 16 ஆக்க முடியுமா?

முடியாது. 2020-இல் வந்த எம்1 ஏரில் ரேம் தனி ஸ்டிக்காக இல்லை, பிராசஸர் இருக்கும் அதே பேக்கேஜில் பக்கத்திலேயே பதிந்திருக்கிறது, அதனால் ஆப்பிளின் சொந்தக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனாலும் வாங்கும்போதே 16 எடுத்திருக்க வேண்டும் என்றுதான் பதில் வரும். ரேம் சிப்பைச் சூடாக்கிப் பெயர்த்து வேறு பதிக்கிற கைகாரர்கள் இருக்கிறார்கள், சரி, ஆனால் அது ஷோரூம் வேலை இல்லை. அடியில் இருக்கிற பொடிப்பொடி சால்டர் புள்ளிகளில் ஒன்று சரியாக ஒட்டாவிட்டாலும் போர்டே போச்சு.

விண்டோஸ் லேப்டாப் என்றால் கதை வேறு. ரேமை மாற்ற முடியுமா என்று பார்க்க விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி என்று போங்கள். அங்கே ஃபார்ம் ஃபேக்டர் (Form factor) என்ற வரியில் 'சோடிம்' (SODIMM) என்றிருந்தால் கழற்றி மாட்டுகிற ரகம், 'ரோ ஆஃப் சிப்ஸ்' (Row of chips) என்றிருந்தால் போர்டில் பற்றவைத்தது. சில மாடல்களில் பாதி ரேமைப் பற்றவைத்துவிட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருப்பார்கள், அதில் ஸ்டிக் போடுவது எந்தக் கடையிலும் சில நிமிட வேலை. ஆனால் மாடல் எண்ணை வைத்து ஸ்லாட் உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள், டாஸ்க் மேனேஜர் காட்டும் ஸ்லாட் கணக்கு சிலசமயம் தப்பாக இருக்கும்.

உங்கள் ஏரை விற்றுவிட்டு 16 ஜிபி உள்ளதைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்.