தமிழ் சினிமாவில் சரியாகக் கவனிக்கப்படாத இசையமைப்பாளர் யார்?

என்னைக் கேட்டால் எம்.பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்தில் வரும் 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாட்டை எழுதியவர் எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் என்று இங்கே பலருக்கும் தெரியும், பி.பி.ஸ்ரீனிவாஸ், ஜானகி குரல்களும் தெரியும், ஆனால் மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விஸ்வநாதன் ராமமூர்த்தி என்பார்கள்!

இத்தனைக்கும் மனிதர் சும்மா இருக்கவில்லை. தமிழில் படங்கள் குறைவு, மலையாளத்தில்தான் நிறைய. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981) இரண்டுக்கும் இவர்தான் இசை. பின்னணி இசை என்றால் காட்சி முழுக்க வயலின் அழ வேண்டும் என்று நினைப்பவர்கள் 'எலிப்பத்தாயம்' பார்க்கலாம், எங்கே வாசிக்காமல் விட வேண்டும் என்பதும் இசையமைப்பாளரின் வேலைதான். அப்புறம், வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு, சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியவரும் இவரே.

வி.குமாரையும் சொல்லலாம்தான். ஆனால் 'காதோடுதான் நான் பாடுவேன்' புண்ணியத்தில் அவர் பெயராவது அவ்வப்போது அடிபடுகிறது.