பேசிக் என்ற கணினி நிரல்மொழியில் முக்கோணம் வரையப் போனால் நட்சத்திரங்கள் ஒரே நேர்கோட்டில் இறங்குவது ஏன்?

கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் ஃபார் சுழற்சி இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டும் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுகிறதென்றால், அநேகமாக அரைப்புள்ளி (;) விட்டுப்போயிருக்கும். பிரிண்ட் கட்டளை அச்சிட்டு முடித்ததும் தானாகவே அடுத்த வரிக்குப் போய்விடும். அதன் கடைசியில் அரைப்புள்ளி போட்டால் கர்சர் அங்கேயே நிற்கும். ஆக, உள்சுழற்சியில் அரைப்புள்ளியோடு ஒரு பிரிண்ட். அது முடிந்ததும், வெளிச்சுழற்சியை மூடும் நெக்ஸ்ட் கட்டளைக்கு முன்னால் வெறும் பிரிண்ட். வரியை உடைப்பது இந்த வெறும் பிரிண்ட்தான்.

சரி, முக்கோணம் கூம்புபோல் நடுவில் நிற்க வேண்டுமா? மொத்தம் 5 வரி என்றால், ஒவ்வொரு வரியிலும் 5-லிருந்து வரி எண்ணைக் கழித்து அத்தனை இடைவெளி, அப்புறம் வரி எண்ணை இரட்டித்து 1 கழித்து அத்தனை நட்சத்திரம். 3-ஆம் வரியில் 2 இடைவெளி, 5 நட்சத்திரம். கடைசி வரியில் இடைவெளியே இல்லை, 9 நட்சத்திரம். தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டால் சூத்திரம் மறக்காது.

அடுத்து சதுரம் வரைவீர்கள். 10 வரி, 10 நெடுவரிசை போட்டும் அது நெட்டையாகத்தான் தெரியும். உங்கள் கணக்கில் பிழையில்லை. திரையில் ஓர் எழுத்துக்கான கட்டம் அகலத்தைவிட உயரம் கூடியது. குறுக்கே இரண்டிரண்டு குறியாகப் போட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

பேசிக்கின் ஒரு வகையான கியூபேசிக்கில் நினைத்த இடத்தில் குறி வைக்க லொகேட் என்ற கட்டளை இருக்கிறது. அதில் வரி முதலில், நெடுவரிசை பிறகு. வரைபடப் பழக்கத்தில் பலர் மாற்றிப்போடுவது இங்கேதான். 25 வரித் திரையின் கடைசி வரியில் அரைப்புள்ளியில்லாமல் அச்சிட்டால், வரைந்ததெல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிடும்.