ஷீரடி போகும் வழியில் ஒயின் டேஸ்டிங்: அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது?

கேள்வி: மும்பை செம்பூரிலிருந்து காரில் ஷீரடி, திரியம்பகேஷ்வர் போகிறோம். நான், கணவர், தங்கை, அவள் கணவர், கூடவே மாமியார். நாசிக்கில் ஒரு ஒயினரிக்குப் போய் டேஸ்டிங் செய்து பார்க்க ஆசை, ஆனால் எங்களில் யாருக்கும் ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. “கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஊற்றுவார்கள், முடிந்ததும் நானே ஓட்டுகிறேன்” என்கிறார் கணவர். இது சரிவருமா?

பதில்: சரிவராது. கணக்கைப் போட்டுக் காட்டினால் அவரே ஒத்துக்கொள்வார். ஒரு வகைக்கு 30 மில்லி ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகை என்றால் 150 மில்லி, அதாவது ஒரு முழு கிளாஸ். 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினாக இருந்தால் அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது ரத்தத்தில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் அளவுக்குப் போய் நிற்கும், நம் சட்டம் அனுமதிக்கும் எல்லையும் 100 மில்லி ரத்தத்துக்கு அதே 30தான். உங்களுக்கோ தங்கைக்கோ எடை குறைவு என்றால் அதே கிளாஸ் எல்லையைத் தாண்டிவிடும். பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். வண்டியில் மாமியாரை வைத்துக்கொண்டு, இருட்டில், கசாரா காட் மலைப்பாதை இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இந்தச் சோதனை எதற்கு?

அதனால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். முதல் நாள் நேராக ஷீரடி. மறுநாள் காலை தரிசனம் முடித்து, மதியத்துக்குள் நாசிக் வந்து அறை போட்டுவிடுங்கள், தொண்ணூறு கிலோமீட்டருக்குள்தான். காரை அங்கேயே நிறுத்திவிட்டு, போகவும் வரவும் ஒரு டாக்ஸி பேசிக்கொண்டு ஒயினரிக்குப் போங்கள். மூன்றாம் நாள் காலை திரியம்பகேஷ்வர், அப்புறம் வீடு. கோவிலுக்குப் போகும்போது பாட்டில்கள் அறையிலேயே இருக்கும், மாமியாருக்கும் சங்கடமில்லை.

ஒரே நாளில் மூன்று ஒயினரி பார்ப்பதாகத் திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதிலேயே நாக்கு மரத்துவிடும், மூன்றாவதில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். ஒன்று போதும். முதல் தடவை என்றால் கங்காபூர் அணைப் பக்கம் இருக்கும் சுலா ஒயினரி வசதியானது, சுற்றிக்காட்டுவதும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைக்கும், குடிக்காதவர்களும் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். வார இறுதியில் மட்டும் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. பெரியவர்களும் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற மதுவிலக்கு நாட்களையும் காலண்டரில் பார்த்துவிடுங்கள்.

எப்போது போவது? கொடியில் பழத்தோடு பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பாவில் செப்டம்பரை ஒட்டி அறுவடை நடக்கும். இங்கே அது மழைக்காலம், பழம் அழுகிவிடும் என்பதால் ஏப்ரல் வாக்கில் ஒருமுறை, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை என்று கொடியை இரண்டு தடவை வெட்டிக் கவாத்து செய்து, குளிர்காலத்தில் பழுக்க வைக்கிறார்கள். ஜூலையில் போனால் பச்சைப்பசேலென்று இலைதான் இருக்கும், அதுவும் ஓர் அழகு.

இனி மேஜைக்கு வருவோம். போகிற வழியில் காரமான மிசல் பாவ், இஞ்சி டீ, பான் எதுவும் வேண்டாம். நாசிக் மிசலை விட்டுவிடச் சொல்லவில்லை, மறுநாள் காலையில் சாப்பிடுங்கள். சென்ட்டும் அடிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் மூக்கும் கெடும். கிளாஸைத் தண்டில் பிடித்து, முதலில் ஆட்டாமல் முகர்ந்து பாருங்கள். அப்புறம் மேஜையில் வைத்தபடியே இரண்டு சுற்று சுழற்றி மறுபடி முகருங்கள். சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் என்றால் இரண்டாவது தடவை பச்சைக் குடைமிளகாய் வாசனை பளிச்சென்று தெரியலாம். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகும் நாவல்பழமும் தேடுங்கள். கிடைக்கவில்லையா, கவலைப்படாதீர்கள், பக்கத்து மேஜைக்காரருக்கும் பாதி நேரம் கிடைத்திருக்காது. ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கப் படவிட்டு, துப்பிவிடுங்கள். அதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நாலு பேர் முன்னால் துப்புவது நமக்குக் கூச்சம்தான், ஆனால் ஒயின் செய்கிறவர்கள் தினமும் இப்படித்தான் ருசி பார்க்கிறார்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் துப்பியவரும் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

வெள்ளையில் தொடங்கி சிவப்புக்குப் போய், இனிப்பானதைக் கடைசியில் ருசியுங்கள். வரிசை மாறினால் சிவப்பின் துவர்ப்பில் வெள்ளை தண்ணீராகத் தெரியும். புதியவர்களுக்கு லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பெரும்பாலும் பிடித்துப்போகும். “இனிப்புப் பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பார்களோ” என்று தயங்காமல் ஊற்றுகிறவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற பாட்டிலை அவரே எடுத்துத் தருவார்.

வாங்குவதாக இருந்தால் வெள்ளையில் புதிய அறுவடையாகப் பார்த்து வாங்குங்கள், அதில் பெரும்பாலானவை சீக்கிரம் குடிக்க வேண்டியவை. திரும்பும்போது பாட்டிலை டிக்கியில் போடாமல், துண்டில் சுற்றி ஏசி படும்படி சீட்டுக்குக் கீழே வையுங்கள். சாப்பிட நிறுத்துகிற இடத்தில் காரை நிழலில் விடுங்கள், மூடிய வண்டிக்குள் வெயில் ஏறினால் கார்க் மேலே தள்ளி ஒயின் கசிந்துவிடும்.