முத்திரைப் பையும் எண்ணிக் கொடுத்த காசும்

அன்புள்ள ஐயா,

பாட்டியின் காசுமாலையில் ஒரு காசு மட்டும் மற்றவற்றோடு சேராமல் இருக்கிறது. மெல்லியது. ஒருவர் நிற்கிறார், எதிரே ஒருவர் மண்டியிட்டிருக்கிறார், இருவரும் ஒரே கம்பைப் பிடித்திருக்கிறார்கள். பாட்டி அதைச் சாணார்காசு என்பார். பனையேறுகிற ஆள் என்பார். இணையத்தில் ஒருவர் இது ஃபிளாரன்ஸ் நகரத்து ஃபிளாரின், ஐரோப்பாவின் முதல் தங்கக் காசு என்கிறார். அந்த ஊர் வட்டிக்காரர்கள் தங்கத்தில் செம்பு கலந்ததால்தான் வெனிஸின் டுகாட்டிடம் தோற்றார்களாம். உண்மையா? எங்கள் காசு அசல்தானா? நகைக்கடையில் உரைத்துப் பார்க்கலாமா?

ரூபி

அன்புள்ள ரூபி,

பாட்டி சொன்னதை நம்புங்கள். ஃபிளாரினில் ஒரு பக்கம் லில்லி மலர், மறுபக்கம் திருமுழுக்கு யோவான். உங்களிடம் இருப்பது வெனிஸின் உருவம். நிற்பவர் புனித மாற்கு. மண்டியிட்டு அவரிடமிருந்து கொடிக்கம்பை வாங்குபவர் அந்த நகரத்தின் தலைவர், தோஜ். காசின் பெயர் டுகாட், பிற்காலத்தில் செக்கினோ. கடல் வாணிபத்தில் நம் தென்கரைக்கு வந்த இந்தக் காசைப் பார்த்த பனங்காட்டு மக்கள் கொடிக்கம்பைப் பனையாகவும் தோஜைப் பனையேறியாகவும் கண்டார்கள். கடல் கடந்த ஒரு பிரபுவைத் தங்கள் ஆளாக்கிக்கொண்ட கண் அது. பாட்டி இருக்கும்போதே அந்தப் பெயரையும் அவர் சொல்லும் விளக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'முதல் தங்கக் காசு' என்பது வெறும் பேச்சு. 1231லேயே பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் பிரின்டிசியிலும் மெசினாவிலும் அகஸ்டாலிஸ் என்ற தங்கக் காசை அடித்தார். ஃபிளாரின் வந்த அதே 1252ல் ஜெனோவாவும் தன் காசை வெளியிட்டது. சில மாதம் முந்தியது யார் என்ற சண்டையை அந்த இரண்டு ஊரும் போட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் செம்பு கலந்தார்கள் என்பதை அப்படி விட முடியாது. ஒரு ஊரின் மேல் திருட்டுப் பட்டம் கட்டுகிறவர் ஒரு கணக்காவது போட்டிருக்க வேண்டாமா? 

ஃபிளாரன்ஸின் ராத்தல் சுமார் 339.5 கிராம். அதில் 96 காசு. ஒன்று 3.54 கிராம், 24 காரட், நாம் ஆணிப்பொன் என்கிறோமே அது. 1533ல் கடைசி ஃபிளாரின் வரும்வரை இந்த மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, இறங்கவில்லை. வெனிஸ் 1284 அக்டோபர் 31ல் தன் காசுக்கு ஆணை இட்டபோது, ஃபிளாரினைப் போலவோ அதைவிட மேலாகவோ இருக்க வேண்டும் என்றுதான் எழுதியது. போட்டிக்காரனின் காசையே உரைகல்லாக வைத்துக்கொண்டார்கள். வெனிஸின் எடை அளவான மார்க் சுமார் 238.5 கிராம், அதில் 67 காசு. ஒன்று 3.56 கிராம். இரண்டுக்கும் இடையே ஒரு நெல்மணியின் எடை.

இந்த மாற்று எளிதில் வருவதில்லை. பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, இடையிடையே உப்பும் செங்கல் பொடியும் பரப்பி, பொன் உருகாத சூட்டில் மணிக்கணக்காகப் புடமிட வேண்டும். வெள்ளி உப்போடு சேர்ந்து செங்கல் பொடிக்குள் இறங்கிவிடும். சூடு ஏறினால் பொன்னே உருகிக் குழம்பும்; குறைந்தால் வெள்ளி தங்கிவிடும். ஒருமுறை போதாமல் திரும்பத் திரும்பப் புடமிட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும்.

செம்பு கலந்த ஒருவர் இருந்தார். மாஸ்ட்ரோ அதாமோ. ரொமேனாவின் கோமகன்களுக்காகக் கள்ள ஃபிளாரின் அடித்தவர். மூன்று காரட் கசடு சேர்த்து 21 காரட்டாக்கினார். 1281ல் அவரை உயிரோடு கொளுத்தினார்கள். கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் வைத்தார். அந்தக் கலவையை, காசு சோதிக்கும் நோட்டக்காரர்களிடம் ஏன் ஒளிக்க முடியாது தெரியுமா? தங்கத்தின் அடர்த்தி 19.3, செம்புக்கு 9க்குச் சற்றுக் குறைவு. 21 காரட் கலவைக்கு ஏறக்குறைய 16.9 வரும். எடையைச் சரியாக வைத்தால் காசு 14 விழுக்காடு தடிக்கும். தடிமனைச் சரியாக வைத்தால் தராசு காட்டிக்கொடுக்கும். உரைகல்லில் கோட்டின் நிறம் வேறு சிவந்துவிடும்.

காசின் மானத்தை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு வில்லானியைக் கேட்க வேண்டும். அவர் வெறும் வரலாற்றாசிரியர் இல்லை, 1316ல் ஃபிளாரன்ஸ் நாணயச்சாலையில் அதிகாரியாக இருந்தவர். 1256ல் பீசாவை வென்ற படை, எதிரி மண்ணில் ஒரு பைன் மரத்தை வெட்டி அதன் அடிக்கட்டை மேலேயே ஃபிளாரின் அடித்தது. அடையாளமாக யோவானின் காலடியில் மூவிலை ஒன்றைப் பொறித்தது. தூனிஸ் மன்னர் புதிய காசைப் பார்த்து ஃபிளாரன்ஸ்காரர்கள் யார் என்று பீசா வணிகர்களைக் கேட்டாராம். எங்கள் உள்நாட்டு அரபிகள் என்று இளக்காரமாகச் சொன்னார்கள். அப்படியானால் உங்கள் தங்கக் காசு எங்கே என்றார் மன்னர். பதில் இல்லை.

பிறகு ஏன் டுகாட் முந்தியது? தங்கத்தால் அல்ல, பையால்.

ஆணிப்பொன் மென்மையானது. கைமாறக் கைமாறத் தேயும். விளிம்பை நறுக்குவார்கள், தோல்பையில் போட்டுக் குலுக்கித் தூள் எடுப்பார்கள். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் ஒவ்வொரு காசையும் நிறுப்பது வணிகருக்கு ஆகாத வேலை. அதற்கு ஃபிளாரன்ஸ் கண்ட வழி முத்திரையிட்ட ஃபிளாரின். சோதகர் காசுகளை நிறுத்து, மாற்றுப் பார்த்து, தேறியதைத் தோல்பையில் இட்டுக் கட்டி, தொகையை எழுதி முத்திரை வைப்பார். பை பிரியாமலே கைமாறும். ஊருக்குள் அற்புதமான ஏற்பாடு. ஆனால் பையை யாரும் பிரிக்காததால் உள்ளே இருந்த காசின் எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் 'முத்திரை ஃபிளாரின்' என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகை, கையில் இருந்த முழு எடைக் காசு வேறொன்று. 1470 வாக்கில் இரண்டுக்கும் நடுவே சுமார் 20 விழுக்காடு இடைவெளி.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு? மிளகு விற்கிறவருக்கு ஃபிளாரன்ஸ் சோதகரைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தோஜின் உருவம். அதைக் கண்டால் நிறுக்காமல் எண்ணி வாங்கினார். 1421ல் லிவோர்னோ துறைமுகம் கைக்கு வந்து, அடுத்த ஆண்டு எகிப்துக்குத் தன் கப்பல்களை அனுப்பியபோது ஃபிளாரன்ஸ் இதை நேரில் சந்தித்தது. என்ன செய்தார்கள்? டுகாட்டின் அகலத்துக்கு, முழு எடையில், 'அகன்ற ஃபிளாரின்' அடித்தார்கள். அதை ஏற்கச் சொல்லிக் கெய்ரோவுக்கு ஃபெலிச்சே பிரான்காச்சியைத் தூது அனுப்பினார்கள். 1284ல் வெனிஸ் ஃபிளாரினைப் பார்த்து அளவெடுத்தது. 1422ல் ஃபிளாரன்ஸ் டுகாட்டைப் பார்த்து அளவெடுத்தது. சில ஆண்டுகளில் எகிப்தின் சுல்தான் பார்ஸ்பாயே டுகாட்டுக்கு எதிராக அஷ்ரஃபி என்ற தங்கக் காசை அடித்தார்.

ஃபிளாரன்ஸ் ஆட்சியாளர்களைத் திட்டத்தான் வேண்டுமென்றால் வெள்ளிக்காகத் திட்டுங்கள். 1252ல் ஒரு ஃபிளாரினுக்கு வெள்ளிச் சில்லறைக் கணக்கில் 20 சோல்தி. 1500 வாக்கில் 140. தங்கம் மாறவில்லை, சில்லறையில் இருந்த வெள்ளி கரைந்தது. கம்பளி முதலாளிகள் துணியை ஃபிளாரினுக்கு விற்றார்கள், கூலியைச் சில்லறையில் கொடுத்தார்கள். கலப்படம் நடந்தது நெசவாளியின் கையில் விழுந்த காசில். அதைப் பற்றி உங்கள் இணையக்காரர் ஒரு வரி சொல்லவில்லை.

உங்கள் காசை உரைக்க வேண்டாம். ஒவ்வொரு உரசலும் பொன்னைத் தின்னும், உருவத்தில் கீறல் விழும். அதோடு உரைகல் மாற்றைச் சொல்லுமே தவிர எங்கே அடித்தது என்று சொல்லாது. இந்தியாவிலேயே நல்ல தங்கத்தில் இந்த உருவத்தைப் பார்த்து நிறையப் போலிகள் அடித்திருக்கிறார்கள். மாலையில் கோக்க வைத்த வளையம் நீங்கலாக 3.5 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். தேய்மானத்துக்குச் சற்றுக் குறையலாம். பிறகு எழுத்தைப் பாருங்கள். போலியில் அது எழுத்தாக இராது, வெறும் கோடுகளாக இருக்கும். 1285 முதல் 1797 வரை உருவம் மாறவில்லை, காசில் ஆண்டும் கிடையாது. தோஜின் பெயர் ஒன்றுதான் காலத்தைச் சொல்லும். அது மண்டியிட்டவரின் முதுகுப்பக்கம், விளிம்போரமாக மேலிருந்து கீழாக இருக்கும். லுடோவிகோ மனின் என்றால் 1789க்கும் 1797க்கும் இடையில் அடித்தது. பகல் வெளிச்சத்தில், காசைச் சற்றுச் சாய்த்து வைத்து, அந்தப் பகுதியை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள்.