மண்டியிட்டவரும் சாப்பிடாமல் எழுந்து போனவரும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் பதினெட்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். என் அக்காவும் அத்தானும் எங்களுக்கு முன்பே வந்தவர்கள். அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். தேசியகீதம் ஒலித்தபோது, கீதத்தின்போது மண்டியிட்ட கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் பற்றிப் பேச்சு வந்தது. "உப்பைத் தின்றுவிட்டு இலையில் துப்புகிற வேலை. கோடிக்கணக்கில் சம்பாதிப்பவனுக்கு என்ன இனவெறி? மார்ட்டின் லூதர் கிங் போல நாகரிகமாகப் போராடினால் நானும் ஆதரிப்பேன். நான் இந்த நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன், என்னை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை" என்றார் அத்தான். பள்ளியில் தினமும் காலையில் கொடி உறுதிமொழி சொல்லும்போது தானும் எழுந்து நிற்பதில்லை என்று என் பதினைந்து வயது மகள் சொன்னாள். வாக்குவாதம் முற்றி, "மாமா, நீங்கள் பேசுவதுதான் இனவெறி" என்று சொல்லிவிட்டாள். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. அக்கா தொலைபேசியில் அழுகிறாள். மன்னிப்புக் கேள் என்றால், "எனக்குப் பேச்சுரிமை இருக்கிறது" என்கிறாள் மகள். "எனக்கும்தான் இருக்கிறது" என்கிறார் அத்தான். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கொடி வருகிறது, கீதம் வருகிறது, உப்பு வருகிறது, பேச்சுரிமை இரண்டு பேர் வாயிலும் வருகிறது. போலீஸ் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. கேப்பர்னிக் எதற்காக மண்டியிட்டாரோ அதைப் பற்றி உங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அல்லது திறந்தது உங்கள் நினைவில் நிற்கவில்லை. இதை உங்கள் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாடு முழுவதிலும் நடந்தது அதுதான்.

அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்து நொடி ஓடுகிறார்கள், ஐந்து நிமிடம் கூடிப் பேசுகிறார்கள். ஆனால் இந்தக் கதையை ஓரளவு கவனமாகப் பின்தொடர்ந்திருக்கிறேன். 2016 ஆகஸ்ட் மாதம் சான் பிரான்சிஸ்கோ அணியின் பயிற்சி ஆட்டங்களின்போது, கீதம் ஒலிக்கையில் கேப்பர்னிக் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். ஊடகத்தைக் கூட்டவில்லை, பதாகை பிடிக்கவில்லை. முதலில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கக்கூட இல்லை. பிறகு நிருபர்கள் கேட்டபோதுதான் காரணம் சொன்னார்: கறுப்பினத்தவரைப் போலீஸார் சுட்டுக் கொல்கிறார்கள், கொன்றவர்கள் தண்டனையின்றிப் போகிறார்கள்.

அடுத்து நடந்ததை உங்கள் அத்தானுக்கு நிச்சயம் சொல்லுங்கள். ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்து, பின்னர் கால்பந்தும் ஆடிய நேட் பாயர் என்பவர், மனம் வருந்தி அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கேப்பர்னிக் அவரை அழைத்துப் பேசினார். உட்காருவதைவிட மண்டியிடுவது மேல், வீழ்ந்த தோழனின் கல்லறை முன் படைவீரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பது பாயரின் யோசனை. 2016 செப்டம்பர் 1 அன்று சான் டியகோ மைதானத்தில் கேப்பர்னிக்கும் அவருடைய அணித்தோழர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். பக்கத்தில் பாயர் நெஞ்சில் கைவைத்து நின்றார். ராணுவத்தை அவமதித்ததாகச் சொல்லப்படும் அந்தச் செயலின் வடிவத்தைச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு ராணுவத்தான்.

தமிழில் 'மண்டியிட்டான்' என்றால் பணிந்துவிட்டான், தோற்றுவிட்டான் என்றுதான் பொருள் கொள்வோம். ஒரு மனிதன் மண்டியிட்டதைத் திமிர் என்று ஒரு தேசத்தில் பாதிப் பேர் படித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2017 செப்டம்பரில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் கூட்டத்தில், இப்படிச் செய்பவர்களை அணி உரிமையாளர்கள் வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் பேசினார். இரண்டு நாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். சில உரிமையாளர்கள்கூட வீரர்களோடு கைகோத்து நின்றார்கள். அன்றைய படங்கள் பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் போலீஸ் பற்றிய பேச்சு அன்றோடு பின்வரிசைக்குப் போயிற்று. நீ கொடியின் பக்கமா, வீரரின் பக்கமா? அதிபரின் பக்கமா, எதிர்ப்பக்கமா? உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது அந்தச் சண்டையின் எச்சம்தான்.

சரி, பேச்சுரிமை. மகளும் மாமாவும் மாறிமாறி வீசிக்கொள்ளும் அந்தச் சொல் இருவருக்குமே உதவாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. அத்தை, மாமா, முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் அது கட்டுவதில்லை. உங்கள் மகள் பள்ளியில் எழுந்து நிற்காதது வேறு விஷயம். அது அசைக்க முடியாத உரிமை. அரசுப் பள்ளி அரசாங்கத்தின் கை. 1943-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று, அதாவது அவர்களுடைய கொடி நாளன்றே, மேற்கு வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த முடியாது. வழக்குத் தொடுத்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் தானே சொன்ன தீர்ப்பை அந்த நீதிமன்றம் மாற்றி எழுதியது. போர்க்காலத்தில் அப்படி ஒரு துணிவு! நான் அந்த நாட்டை மதிக்கும் தருணங்களில் அதுவும் ஒன்று.

கேப்பர்னிக் விஷயத்தில் அந்தக் கேடயம் வேலை செய்யாது. அணி என்பது தனியார் நிறுவனம். 1996-இல் டென்வர் கூடைப்பந்து அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப் கீதத்துக்கு நிற்க மறுத்தபோது, விதியைக் காட்டி அவரை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தார்கள். பிறகு நின்றபடி தலைகுனிந்து பிரார்த்திப்பது என்று ஒரு சமரசம் கண்டார்கள். கேப்பர்னிக் 2017 மார்ச்சில் தன் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அதன்பின் எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. அணிகள் கூட்டுச்சதி செய்ததாக அவர் கொடுத்த புகார் 2019 பிப்ரவரியில் ரகசிய உடன்பாட்டில் முடிந்தது. ஆக, 'அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை' என்று அத்தான் வாதிட்டால் பாதி சரி. ஆனால் நாட்டின் அதிபரே முதலாளிகளைப் பார்த்து வேலையை விட்டுத் தூக்கு என்று சொல்லும்போது, தனியார் எங்கே முடிகிறது, அரசாங்கம் எங்கே தொடங்குகிறது என்று நான் அவரைத் திருப்பிக் கேட்பேன்.

உப்புக்கு வருவோம். நல்ல பழமொழிதான், தவறான இடத்தில் வந்து விழுந்திருக்கிறது. அந்தச் சம்பளம் யாரோ இரங்கிப் போட்ட சோறு அல்ல. உடம்பையும் மூளையையும் அடிக்குக் கொடுத்து ஆடுகிறவர்கள் வீரர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். யாருடைய உப்பை யார் தின்கிறார்கள் என்பது அத்தான் நினைப்பதுபோல அத்தனை தெளிவான கணக்கு இல்லை. தவிர, பணம் வந்துவிட்டால் ஒருவர் தன் மக்களைப் பற்றிப் பேசக்கூடாது என்றால், பணமில்லாதவன் பேசும்போது மட்டும் யார் காதில் வாங்கினார்கள்?

கிங் போல நாகரிகமாக என்கிறாரே, அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். 1966-இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் மார்ட்டின் லூதர் கிங்கை விரும்பாதவர்கள் 63 சதவீதம். உயிரோடு இருந்தபோது அவரும் இடைஞ்சல்காரர்தான். மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் 1968-இல் கறுப்புக் கையுறையணிந்த முஷ்டியை உயர்த்திய டாமி ஸ்மித்தையும் ஜான் கார்லோஸையும் போட்டிகளிலிருந்தே துரத்தினார்கள். 2005-இல் அவர்கள் படித்த சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் சிலை வைத்தார்கள். சத்தமில்லாமல் மண்டியிடுவதைவிட நாகரிகமான போராட்டம் எது என்று அத்தானிடம் கேளுங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி அவருடைய வலுவான வாதம்: தன்னை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை என்பது. அது பொய் அல்ல. அவருடைய இருபத்தைந்து ஆண்டுகளை மறுக்க உங்கள் மகளுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் தன் வாசலில் மழை பெய்யவில்லை என்பதால் ஊரில் ஈரமே இல்லை என்று சொல்லலாமா? 2015 பிப்ரவரியில், அலபாமாவின் மாடிசன் நகரில், மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் இந்தியப் பெரியவர் காலையில் நடைபோனார். ஆங்கிலம் தெரியாதவர். ஒல்லியான கறுப்பர் ஒருவர் சுற்றித் திரிகிறார் என்று யாரோ போலீஸுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வந்த அதிகாரி அவரைத் தரையில் மோதி வீழ்த்தியதில் கை கால் ஓரளவு செயலிழந்து மருத்துவமனைக்குப் போனார். இரண்டு விசாரணைகளிலும் ஜூரிகள் ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை. பிறகு நீதிபதி அதிகாரியை விடுவித்தார். ஒரு சொல்கூட யாரும் சொல்லாத ஒழுங்கான வாழ்க்கை அந்தக் குடும்பத்துக்கும் அதற்கு முந்தைய நாள்வரை இருந்திருக்கலாம்.

அத்தான் அந்த நாட்டில் இருப்பதற்கே ஒரு முன்கதை உண்டு. 1923-இல், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்திலேயே பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் தொடர்பான வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர். பெரிய கதவு திறந்தது 1965-இல் வந்த குடியேற்றச் சட்டத்தில். கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறைபட்டும் 1964-இல் குடிமை உரிமைகள் சட்டத்தைக் கொண்டுவரச் செய்த அதே அலையில் வந்தது அது. உப்பின் கணக்கை எடுத்தால் இந்த வரியையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

மகளுக்கும் சொல்ல இருக்கிறது. கருத்தில் அவள் பக்கம்தான் நான் சாய்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் 'நீங்கள் பேசுவதுதான் இனவெறி' என்ற வாக்கியம் ஒரு வாதம் அல்ல. வாதத்தை முடித்துவைக்கும் தாழ்ப்பாள். மண்டியிட்டதைப் பார்த்துப் புண்பட்ட எல்லோரும் இனவெறியர்கள் அல்லர். மகனைப் போரில் இழந்து, மடித்த கொடியை வாங்கி வைத்திருக்கும் தாய்க்கு அந்தத் துணி வேறு பொருள் தரும். அதே சமயம், ராணுவத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவும் இல்லை. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் ராணுவ அதிகாரியாக இருந்தவர். பேருந்தின் பின்பக்கம் போக மறுத்ததால் 1944-இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். எழுந்து நின்று அந்தக் கீதத்தைத் தன்னால் பாட முடியாது என்று 1972-இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். மகள் அந்தச் செய்தியை மாமாவிடம் கொண்டுபோயிருந்தால் பேச்சு இன்னும் அரை மணி நேரம் ஓடியிருக்கும். பட்டம் சூட்டியதால் அரை நொடியில் முடிந்தது.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு மிக நெருக்கமான ஒன்று 2020 ஜூனில் நடந்தது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்று சில நாள்களே ஆகியிருந்தன. கொடியை அவமதிப்பவர்களோடு ஒருபோதும் உடன்படமாட்டேன் என்றார் நியூ ஆர்லியன்ஸ் அணியின் ட்ரூ ப்ரீஸ். உலகப் போரில் பணியாற்றிய தன் தாத்தாக்களை நினைவுகூர்ந்தார். அணித்தோழர்கள் கொதித்தார்கள். மால்கம் ஜென்கின்ஸ் தன் வேதனையை மறைக்காமல் வீடியோவில் பேசினார். மறுநாளே ப்ரீஸ் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது என்று அதிபர் சொன்னதும், இது கொடி பற்றிய விஷயமே அல்ல என்று அவருக்குப் பொதுவெளியிலேயே பதில் எழுதினார். தாத்தாக்கள் மீதான மரியாதையை அவர் விட்டுவிடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் ப்ரீஸும் ஜென்கின்ஸும் ஒரே அணியில்தான் ஆடினார்கள். அதே வாரத்தில், வீரர்களின் பேச்சை முன்பே கேட்காதது தவறு என்று கால்பந்து லீக்கின் ஆணையர் ராஜர் குட்டெல் ஒப்புக்கொண்டார், கேப்பர்னிக்கின் பெயரை மட்டும் சொல்லாமல். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டாம். நடுவராகவும் உட்கார வேண்டாம். மகளிடம் மன்னிப்புக் கேள் என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். கருத்துக்காக அல்ல, அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள். பதினைந்து வயதுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும். "மாமா, உங்களை அப்படிச் சொன்னது தப்பு. கேப்பர்னிக் விஷயத்தில் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை." இவ்வளவு போதும். இரண்டாம் வாக்கியத்தை வெட்டச் சொல்லாதீர்கள். வெட்டினால் அவள் மனதாரச் சொல்லமாட்டாள். அவருக்கும் அது தெரிந்துவிடும்.

அத்தானிடம் நீங்களே போங்கள். தொலைபேசி வேண்டாம். அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவளுடைய அழுகைக்கு இந்த இரண்டு மாதத்தில் யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பழைய வாதத்தை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வந்த புதிதில், முதல் ஐந்தாண்டில், யாரும் எதுவும் சொல்லவில்லையா? அவர் யோசிக்கட்டும். ஏதாவது நினைவுக்கு வந்தால் அதை உங்கள் மகளிடம் அவரே சொல்லட்டும். ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் நம்புங்கள்.

பிறகு ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.