தண்டல் அட்டையை மாற்றிப் போடாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டை 4 ரூம் உள்ள ஹோம்ஸ்டேயாக மாற்றி எட்டு மாதம் ஆகிறது. காலை டிபனோடு ஒரு இரவுக்கு 1,800 ரூபாய். மாதம் 45 ரூம் வரை போகிறது. பாதிக்கு மேல் ஆன்லைன் புக்கிங். ஆனாலும் கையில் காசு நிற்கவில்லை. அவசரத்துக்கு ஒரு லட்சம் தண்டல் (தினம் கட்டும் கடன்) வாங்கி, 60 நாள் கட்டியதும் புது அட்டைக்கு மாற்றிக்கொள்கிறேன்; இப்போது நான்காவது அட்டை, 35 கட்டம் கையெழுத்தாகியிருக்கிறது. 2028 மகாமகத்துக்குள் இன்னும் 2 ரூம் கட்டிவிடு, வீட்டை வைத்து 12 லட்சம் லோன் போடலாம் என்கிறார் கொழுந்தனார். அதுவரை சமாளிக்க மொபைல் ஆப்பில் கடன் எடுக்கலாம் என்கிறான் மகன். எது சரி? வீட்டுச் செலவுக்கு கணவரின் சம்பளம் போதும். முகூர்த்த நாள்களில் கொழுந்தனார் பக்கத்து உறவினர்களுக்கு இரண்டு ரூமை இரண்டு இரவு சும்மா கொடுக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன தண்டல்தான் பிரச்சினை. அதைப் பார்ப்போம்.

முதலில் ஹோம்ஸ்டே கணக்கு. 45 இரவு × 1,800 என்றால் 81,000. அதில் 27 இரவு ஆன்லைன் என்று வைத்தால், 18 சதவீத கமிஷனும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 10,300 போகும். டிபன், காபிக்கு ரூமுக்கு 140 வீதம் 6,300. சமையலம்மா, சுத்தம் செய்பவர் இருவருக்கும் 21,000. கரண்ட் இரண்டு மாதத்துக்கு 22,000, அதாவது மாதம் 11,000. சலவை 2,700, சிலிண்டர் 3,000, நெட் 1,000, பழைய வீடு என்பதால் ஓடு, குழாய், ஏ.சி. ரிப்பேருக்கு 6,000. மொத்தம் 61,000 சொச்சம். மிச்சம் 19,700. புதுத் தொழிலுக்கு இது மோசமில்லை.

இப்போது தண்டல். ஒரு லட்சம் என்று எழுதி 10,000 பிடித்துக்கொண்டு 90,000 கையில் தருகிறார்கள். தினம் 1,000 வீதம் 100 நாள், கட்டும் ஒவ்வொரு நாளுக்கும் அட்டையில் ஒரு கட்டத்தில் கையெழுத்து. மாதத்துக்கு 30,000. உங்களுக்கு மிஞ்சுவதோ 19,700. எந்த மாதமும் 10,000 உதைக்கத்தான் செய்யும். 60-வது நாள் மூச்சு முட்டுவதும், அட்டையை மாற்றிப் போடுவதும் இதனால்தான்.

மாற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். புது அட்டை ஒரு லட்சத்துக்கு. பழைய பாக்கி 40,000-ஐத் தண்டல்காரர் கழிக்கிறார். புது வட்டி 10,000-ஐயும் கழிக்கிறார். கைக்கு வருவது 50,000. அதாவது ஏற்கெனவே வட்டி கட்டிவிட்ட பழைய 40,000-க்கு மறுபடியும் வட்டி கட்டுகிறீர்கள். “பத்து சதவீதம்தானே” என்று தோன்றும். ஒரே அட்டையை 100 நாள் முழுசாகக் கட்டினாலே, தினம் குறைந்துகொண்டு வரும் பாக்கியை வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 80 சதவீதத்தைத் தொடும். 60-ஆம் நாளிலேயே மாற்றினால் 90-ஐத் தாண்டும். இப்போது ஓடுவது நான்காவது அட்டை, 35 கட்டம் கையெழுத்தாகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஏழு மாதத்தில் வட்டி மட்டும் 40,000.

அதற்காக நகையை வைத்து நாளைக்கே தண்டலை அடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். இந்த அட்டைக்கான 10,000-ஐ முதல் நாளே பிடித்தாகிவிட்டது. பாக்கி 65,000-க்கு இனி ஒரு பைசா வட்டி ஏறாது. முன்கூட்டி அடைத்தால் தண்டல்காரருக்குத்தான் லாபம். கணிசமாகத் தள்ளிக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம், பெரும்பாலும் தரமாட்டார்.

ஆகவே மீதி 65 நாளையும் கட்டி முடியுங்கள். அந்த 65 நாளில் ஹோம்ஸ்டேயில் மிஞ்சுவது சுமார் 42,700. துண்டு விழுவது 22,300. அந்தத் தொகைக்கு மட்டும், 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன நகையை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ அடகு வையுங்கள். பத்து சதவீதம் என்றாலும் மாதம் 210 ரூபாய்தான் வட்டி. தண்டல் முடிந்த இரண்டே மாதத்தில் நகையைத் திருப்பிவிடலாம். மேனேஜர் “இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம்” என்பார். 25,000-க்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆப் கடனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிராசஸிங் கட்டணம் என்று முன்னாலேயே பிடித்துக்கொள்வதில் அதுவும் தண்டலின் தம்பிதான். தண்டல்காரராவது தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார்.

மகாமகத்துக்கு ரூம் கட்டும் யோசனையும் அப்படித்தான். 4 ரூமுக்கு மாதம் 120 இரவு இருக்கிறது, 45 போகிறது, 75 காலி. காலி ரூமைக் கூட்டுவதற்கு ஏன் கடன்? 12 லட்சத்துக்கு 11 சதவீதத்தில் பத்து வருடம் என்றால் மாதத் தவணை 16,500. மகாமகத் திருவிழா பத்து நாள். தவணை 120 மாதம்.

கொழுந்தனார் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முகூர்த்த நாள்களில் அவர் பக்கத்து உறவினர்களுக்கு இரண்டு ரூம் இரண்டு இரவு சும்மா கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தத்தில் அந்த ரூம் 2,500-க்குப் போகும். நான்கு இரவு, 10,000. ஒரு அட்டை மாற்றும் வட்டி அது. மறுவாரம் கரண்ட் பில் வருகிறது, தண்டல்காரரைக் கூப்பிடுகிறீர்கள். உறவை முறிக்க வேண்டாம். “முகூர்த்தத்துக்கு ரூம் எல்லாம் முன்னாடியே புக் ஆயிடுச்சுங்க, செவ்வாய், புதன்ல எத்தனை நாள் வேணும்னாலும் வந்து இருங்க” என்று சொல்லுங்கள். பொய்யாகிவிடக் கூடாது என்றால் முகூர்த்தப் பட்டியலைப் பார்த்து இரண்டு மாதம் முன்பே அட்வான்ஸ் வாங்கி ரூமை நிரப்பிவிடுங்கள். அந்த அட்வான்ஸை மட்டும் புக் செய்தவர்கள் வந்து தங்கும்வரை தொடாதீர்கள். ரத்தானால் திருப்பித் தர வேண்டிய காசு அது.

இன்னொரு சின்ன ஓட்டை. நவக்கிரகச் சுற்றுக்கு வருபவர்கள் காலை 5 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்துவிட்டுக் கொட்டாதீர்கள். முந்தின இரவே கேட்டு, வேண்டுமென்றால் இட்லிப் பொட்டலம், வேண்டாமென்றால் பிளாஸ்கில் காபி. போகிறபோது உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். மாதம் 7 இரவு நேரடியாக உங்களுக்கே போன் செய்து வந்தால் கமிஷனில் 2,700 மிச்சம்.

100-வது கட்டத்தில் கையெழுத்து விழும் சாயங்காலம் தண்டல்காரர் புது அட்டையோடு வருவார். வாங்காதீர்கள். தினம் 1,000 எடுத்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அதில் பாதியையாவது விடாதீர்கள். இரவு கணக்கு முடித்ததும் 500 ரூபாயை இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதத்தில் 30,000. கரண்ட் பில் 22,000-ஐ அதிலிருந்து கட்டுங்கள். மீதி 8,000 ஏ.சி. கெட்டுப்போகும் நாளுக்கு. அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு கணவரிடம் இருக்கட்டும். கொழுந்தனாருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரிய வேண்டாம்.