கோழித் தீவனத்தில் பித்த அமிலப் பவுடர் கலக்கலாமா?

கேள்வி: ஒப்பந்தத்துக்கு பிராய்லர் வளர்க்கிறேனுங்க. தீவனக் கடையில் பித்த அமிலப் பவுடர் என்று ஒரு பாக்கெட்டைக் காட்டினார்கள். கலந்து வைத்தால் எண்ணெய் நன்றாகச் செரிக்குமாம், கறியில் கொலஸ்ட்ராலும் குறையுமாம். வாங்கலாமுங்களா?
(பல்லடம் வாசகர்)

பதில்: பாதி சரி, பாதி வியாபாரம்.

செரிக்கும் என்பது சரிதான். குடலுக்குள் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்து, செரிமான நொதிகள் அதைப் பிடிக்கும்படி செய்வது பித்த அமிலம். குஞ்சு இறக்கிய முதல் வாரம், பத்து நாளில் கோழிக்குப் பித்தம் போதுமான அளவு சுரக்காது, அந்த வயதில் தவிட்டு எண்ணெயோ பாமாயிலோ தாராளமாகப் போட்டால் ஒரு பங்கு எச்சத்தோடு போய்விடும். அங்கே இந்தப் பவுடருக்கு வேலை இருக்கிறது, எப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்கிற கணக்கு) கொஞ்சம் தேறலாம்.

கொலஸ்ட்ரால் குறையும் என்கிற பேச்சுதான் இடிக்கிறது. கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கும்போது கவனித்திருப்பீர்கள், பச்சையாகத் தொங்கும் பித்தப்பையைக் கடைக்காரர் காம்போடு பிடித்து, ஒட்டியிருக்கும் ஈரலில் ஒரு துண்டு போனாலும் பரவாயில்லை என்று சேர்த்து அறுத்து எறிவார். அது உடைந்துவிட்டால் எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் கசப்பு போகாது. அந்தக் கசப்பான பித்த அமிலங்களை ஈரல் செய்வதே கொலஸ்ட்ராலில் இருந்துதான். மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரிப்பது போல கொலஸ்ட்ராலை உடைத்து எரிக்க எந்தப் பிராணியின் உடம்புக்கும் தெரியாது. அது வெளியேற வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரே வழி: அப்படியே பித்தத்தில் கலந்து போக வேண்டும், இல்லை பித்த அமிலமாக மாறிப் போக வேண்டும். எலிக்கும் புறாவுக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது, ஆனாலும் ஈரல் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பை வெறும் சேமிப்புக்குத்தான்.

செய்த அமிலத்தை உடம்பு லேசில் விடாது. திருப்பூர் சாயப்பட்டறைகளில் சாயத்தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி தொட்டிக்கே விடுகிறார்களே, அதே ஏற்பாடு. சிறுகுடலின் கடைசிப் பகுதி கிட்டத்தட்ட 95 சதவீத பித்த அமிலத்தை உறிஞ்சி ஈரலுக்குத் திருப்பி அனுப்பிவிடும். மனிதனிடம் மொத்தக் கையிருப்பே சில கிராம்தான், அதுவே ஒரு நாளில் பல தடவை சுற்றி வரும். மலத்தோடு போவது ஏறக்குறைய அரை கிராம். அந்த அரை கிராமை ஈடுகட்ட மட்டும்தான் ஈரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் புது அமிலம் செய்கிறது.

அப்படியானால் வெளியில் இருந்து பித்த அமிலத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கையிருப்பு நிறைய இருக்கிறது என்று ஈரலுக்குச் சேதி போகும். எப்.எக்ஸ்.ஆர். என்கிற ஏற்பிதான் (செல்லுக்குள் சேதி வாங்கும் புரதம்) பித்த அமிலத்தை உணர்கிறது என்பதை 1999-ல் கண்டுபிடித்தார்கள். குடலும் தன் பங்குக்கு ஒரு ஹார்மோனை அனுப்பும். கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதியின் உற்பத்தி குறையும், அதாவது கொலஸ்ட்ரால் செலவாகும் வழி அடைபடும். ஆய்வகத்தில் சுண்டெலிக்குக் கொலஸ்ட்ராலை ஏற்ற வேண்டுமென்றால் தீவனத்தில் கொலஸ்ட்ராலோடு பித்த அமிலத்தையும் சேர்த்துத்தான் கலக்கிறார்கள்!

குறைப்பதற்கான வழி இதற்கு நேர்மாறு, சுற்றை அறுப்பது. கொலஸ்டிரமின் என்கிற மருந்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோய்விடும். கையிருப்பு குறைந்த ஈரல் ரத்தத்தில் இருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும். 1984-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,806 ஆண்களைச் சராசரியாக ஏழு ஆண்டுக்கு மேல் கவனித்ததில், இந்த மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் இதய நோய்ச் சாவும் 19 சதவீதம் குறைந்தது.

ஆக, குஞ்சுப் பருவத்தில் எண்ணெய் செரிக்க என்று விற்றால் கணக்குப் பார்த்து வாங்கலாம். கொலஸ்ட்ராலுக்காக என்றால் என் ஓட்டு வேண்டாம் என்பதே. அதிலும் நீங்கள் ஒப்பந்தப் பண்ணை, தீவனம் கம்பெனியுடையது. சூப்பர்வைசரைக் கேட்காமல் எதையும் கலக்காதீர்கள், அப்புறம் எடை குறைந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: கிடாவெட்டு முடிந்தால் எங்க ஊர் நாய்களுக்கு ஒரு வாரம் கொண்டாட்டமுங்க. இத்தனை கொழுப்பு தின்றும் அதுகளுக்கு மாரடைப்பு வந்து நான் பார்த்ததில்லையே?
(தாராபுரம் வாசகர்)

பதில்: நல்ல கண்ணுங்க உங்களுக்கு. 1913-ல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்கிற விஞ்ஞானி முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார், ரத்தக் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டது. அதையே எலிக்கும் நாய்க்கும் செய்தால் சுலபத்தில் அடைப்பதில்லை. எலி தின்னத் தின்ன அதன் ஈரல் பித்த அமில உற்பத்தியைக் கூட்டி, வந்த கொலஸ்ட்ராலைக் கழித்துவிடுகிறது. நாயும் அந்தக் கட்சிதான். முயலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, தழை தின்னும் பிராணிக்கு அது எதற்கு? 1940-களில் நாய்க்கு அடைப்பு வரவைக்க, தைராய்டை முடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் நாய்க்கு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறியிருந்தால் தின்ற கறியைத் திட்டுவதற்கு முன் தைராய்டையும் சர்க்கரையையும் பாருங்கள். அதற்காகக் கொழுப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், மாரடைப்பு வராது, கணைய அழற்சி வரும். வாந்தி எடுத்து, முதுகை வளைத்துக்கொண்டு படுக்க முடியாமல் தவிக்கும்.

கேள்வி: கொலஸ்ட்ரால் இல்லாத முட்டை போடும்படி கோழியை வளர்க்க முடியுமா?
(நாமக்கல் வாசகர்)

பதில்: முடியாது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 180, 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, குஞ்சு உருவாக அது வேண்டும். ரொம்பக் கட்டாயப்படுத்தினால் கோழி முட்டை போடுவதை நிறுத்துமே தவிர அதை விட்டுக்கொடுக்காது.

கேள்வி: மீன் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரையும் கொழுப்பும் குறையும் என்கிறார்கள். அணையில் பிடித்த ரோகு வாங்கினால் தனியாக எடுத்து வைக்கவா என்று கேட்கிறார் மீன்காரர்.
(பவானிசாகர் வாசகர்)

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். ரோகு, கட்லா, புல்கெண்டை போன்ற கெண்டை இன மீன்கள் கொலஸ்ட்ராலில் இருந்து சைப்ரினால் என்கிற பித்தப்பொருளைச் செய்கின்றன. அது நம் சிறுநீரகத்துக்கு விஷம். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி தொடங்கும். அது அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது சிறுநீர் குறைய ஆரம்பிக்கும், ஈரலும் பாதிக்கும், டயாலிசிஸ் வரைக்கும் போனவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். வேகவைத்தாலும் விஷம் போகாது. யாராவது ஏற்கெனவே விழுங்கியிருந்தால், வயிற்றுவலி நின்றிருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், மீன் பித்தப்பை தின்றதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.